சித்தேரி வண்டி பேசாமல் ஏறிய நாள்

புதிதாகத் தோளில் கண்டக்டர் பை மாட்டியிருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பேட்சில் என் மகளும் ஒருத்தி. அவள்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்றீங்களே அப்பா, அதை எழுதிக் குடுங்க, எங்க குரூப்புல போடறேன் என்று. நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். சர்வீஸ் முழுக்க நான் எழுதியது டிரிப் ஷீட் மட்டும்தான். எனக்குப் பேச வரும். எழுத வருமா என்று தெரியாது. பேசுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன், நீங்கள் காதில் கேட்கிற மாதிரியே படித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் மெஷினை எப்படிக் கையாள்வது, செக்கிங் ஏறினால் எதை முதலில் காட்டுவது என்பதெல்லாம் டிரெய்னிங்கிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பச்சைக்குழந்தையோடு ஒரு தாயும் தகப்பனும் வண்டியில் ஏறினால் கண்டக்டர் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உட்கார ஓர் இடம் பிடித்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். ரிட்டயர் ஆக ஐந்து வருஷம் இருக்கும் வரை நானும் அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்போது எனக்கு அரூரிலிருந்து சித்தேரி போகும் மலை வண்டியில் டியூட்டி. மத்தியான டிரிப். அன்றைக்குச் சந்தை நாள். சந்தை நாளில் அந்த வண்டியைப் பார்க்க வேண்டும் நீங்கள். காலையில் சாமையும் புளியும் கொண்டுவந்து விற்றவர்கள் எல்லாம் திரும்பும்போது உப்பு, எண்ணெய், பிளாஸ்டிக் குடம் என்று வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். கோழியும் ஏறும். கூடையில் போட்டு மேலே சாக்கு கட்டிக் கொண்டுவந்தால் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்து விட்டுவிடுவேன். சில பேர் மறைத்துக் கொண்டுவருவார்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் ஒருத்தர் சேவலைச் சட்டைக்குள் வைத்துப் பட்டனும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாலாவது கொண்டை ஊசி வளைவில் அது பிய்த்துக்கொண்டு பறந்து, நேராகப் போய் டிரைவர் தோளில் உட்கார்ந்துவிட்டது. எங்கள் டிரைவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், அதிகம் பேசாத மனுஷர். சேவலைத் தோளில் வைத்துக்கொண்டே அந்த வளைவை முடித்தார். மேலே அகலமான இடம் பார்த்து வண்டியை நிறுத்தி, சேவலை எடுத்து என் கையில் கொடுத்தார்.  அப்போது அவர் பார்த்த பார்வை வாரம் முழுக்க என் முதுகில் ஒட்டிக்கொண்டே இருந்தது. இனிமேல் என் வண்டியில் ஒரு கோழி தப்பாது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

அந்த நிலைமையில்தான் அவர்கள் ஏறினார்கள். புருஷனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம், அவளுக்கு அதைவிடக் குறைவு. மலை மேல் விவசாயம் பண்ணுகிற பிள்ளைகள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவள் கையில் ஒரு ஒயர் கூடை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறினாள். அவன் ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் கீழே கட்டியிருந்தான். சட்டை புடைத்திருந்தது. உள்ளே ஏதோ அசைந்தது.

அடிவாரத்து செக்போஸ்ட்டைத் தாண்டினதும் நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் போனேன்.

"என்னப்பா சட்டைக்குள்ள? கோழியா, நாய்க்குட்டியா? வெளில எடு, லக்கேஜ் போடணும்."

சத்தமாகத்தான் கேட்டேன். டிரைவர் காதிலும் விழட்டும் என்று. போன வாரத்துச் சேவல் கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் வண்டி முழுக்க ஒரு சிரிப்பு. அவன் தலை நிமிரவில்லை.

"கோழி இல்லீங்க சார். கொழந்தைதானுங்க."

மேல் பட்டனைக் கழற்றிக் காட்டினான். ஒரு கம்பளித் தொப்பி. அதற்குக் கீழே ஒரு முகம், கொய்யாக்காய் அளவுதான் இருக்கும். கண் மூடி, அவன் வெறும் நெஞ்சில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கோழி என்று நினைத்தது தப்புதான், ஆனாலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய தப்பு. "தெரியாம கேட்டுட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. ஆனால் ஐம்பது பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பிள்ளையைக் கோழி என்றுவிட்டானே கண்டக்டர் என்று சிரிக்கப் போகிறார்கள். சிரிப்பை என் மேலிருந்து தள்ளிவிட வேண்டும். எங்கே தள்ளுவது? எதிரில் அவன்தான் நின்றான்.

"கோழின்னாக்கூட ஒரு எடை இருக்குமே தம்பி. இதுக்கு லக்கேஜ் டிக்கெட்கூடப் போட முடியாது போல இருக்கே."

வண்டி குலுங்கச் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டேன்.

அவன் என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னான். குறை மாசத்தில் பிறந்த குழந்தையாம். தருமபுரி பெரியாஸ்பத்திரியில் முப்பத்தைந்து நாள் வைத்திருந்து இன்றைக்குத்தான் அனுப்பினார்களாம். இன்னும் கொஞ்ச நாளைக்கு அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருத்தர் உடம்புச் சூட்டிலேயே அது இருக்க வேண்டுமாம், அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணின தையல் வலிக்கிறதாம், அதனால் இவன் வைத்திருக்கிறானாம். நர்ஸம்மாக்கள் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் என் காதில் நன்றாக விழுந்தது. அதை அப்படியே சத்தமாக வண்டிக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் அடித்த ஜோக் அசிங்கமாகிப் போகும். சரி சரி என்று அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விட்டேன்.

கண்டக்டர் ஒருத்தரைக் கேலி பண்ணிவிட்டால், அவரை இனி யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று வண்டிக்கு அனுமதி கொடுத்த மாதிரி. இது உங்களுக்குப் போகப் போகத் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது சீட்டில் சித்தேரியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அக்கா உட்கார்ந்திருந்தார். மோசமான ஆள் இல்லை. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் தன் மூட்டையைக் கீழே தள்ளி இடம் கொடுத்ததே அவர்தான். இடம் கொடுத்த உரிமையில் ஆரம்பித்தார்.

"ஏம்மா, நீ கைய வீசிக்கிட்டு வர்றே, புருஷன் புள்ளையச் சொமந்துக்கிட்டு வர்றான். பெத்தது நீயா, அவனா?"

பின் சீட்டிலிருந்து ஒருத்தர், பால் குடுக்கறதும் அவனேதான் போல இருக்குது, அதான் சட்டைக்குள்ள வெச்சிருக்கறான் என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு. அப்புறம் ஆளுக்கு ஒன்று. எத்தனை மாசத்தில் பிறந்தது, மாசமாக இருக்கும்போது ஒழுங்காகச் சாப்பிடவில்லையா, வேலை செய்யாமல் படுத்தே கிடந்தாயா, வேலை அதிகமாகச் செய்துவிட்டாயா. ரெண்டையும் ஒரே பெண்ணிடம் ஒரே நேரத்தில் கேட்டார்கள். எங்க வூட்டுப் பூனைக்குட்டி இதைவிடப் பெருசா இருக்குது என்று ஒரு குரல். ஒரு அம்மா எட்டி அவன் சட்டையை விலக்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. மலை ஏறும் ஒரு மணி நேரத்துக்கு அவர்களுக்குப் பேச ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான்.

பின்னாலிருந்து முன்னால் வரும்போது பார்த்தேன். அவன் குழந்தையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துவிட்டான். ஒரு துண்டில் சுற்றி அவள் மடியில் வைத்துவிட்டு, எல்லாப் பட்டனையும் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றான். அப்பாடா, இனி சிரிக்க மாட்டார்கள், பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன் நான். என் புத்தி அன்றைக்கு அவ்வளவு தூரம்தான் போனது.

மழைக்காலம். வளைவு ஏற ஏற ஜன்னல் வழியாகச் சாரலும் குளிர்காற்றும் உள்ளே வந்தன. பாதி ஷட்டர் இறங்காது. அவள் துண்டுக்குள் கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். மறுபடி சொன்னாள். மறுபடி தலையாட்டினான். ஆறாவது வளைவு தாண்டியதும் எழுந்துவிட்டாள்.

"அண்ணா, வண்டிய நிறுத்துங்க. இங்கயே எறங்கிக்கறோம்."

அங்கே ஊர் கிடையாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஆனால் மலைக்காரர்கள் ஒற்றையடிப் பாதையைப் பிடிக்க இப்படி நடுவழியில் இறங்குவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் ஏன், எதற்கு என்று நான் கேட்கவில்லை. விசில் அடித்தேன், வண்டி நின்றது, இறங்கினார்கள். டபுள் விசில் அடித்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

பின் படியில் நின்றபடி திரும்பிப் பார்த்தேன். தம்பிகளா, அம்மாடிகளா, இப்போதும் அது என் கண்ணில் நிற்கிறது. அவர்கள் எந்தப் பாதைக்கும் போகவில்லை. ரோட்டோரத்தில் பாறையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அவன் அவசர அவசரமாகப் பட்டனைக் கழற்றுகிறான். அவள் துண்டை அவிழ்த்து, குழந்தையை எடுத்து அவன் நெஞ்சில் ஒட்ட வைக்கிறாள். தன் முந்தானையை விரித்து ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சாரலை மறைக்கிறாள்.

அதைச் செய்யத்தான் இறங்கியிருக்கிறார்கள். எங்கள் கண்ணுக்கு மறைவாக அதைச் செய்ய ஓர் இடம் தேடி, நடுமலையில் இறங்கியிருக்கிறார்கள். அடுத்த வண்டி மறுநாள் காலையில்தான்.

விசிலை வாயில் வைத்து ஊதினேன். ஏற்றத்தில், ஈர ரோட்டில், நிறை பாரத்தோடு நடுவில் நிறுத்த முடியாது. டிரைவர் ரெண்டு வளைவு தாண்டி சமதளம் பார்த்து நிறுத்தினார். திரும்பி, யார் இறங்கினது என்று கேட்டார். குழந்தைக்காரங்க என்றேன். ஏன் என்றார். நான் உண்மையைச் சொன்னேன்.

அவர் இன்ஜினை நிறுத்திவிட்டார்.

"வண்டி இங்கயேதான் நிக்கும் அண்ணே. போய்க் கூட்டிக்கிட்டு வாங்க."

எனக்கு வந்த கோபத்தில் முதலில் வண்டியில் இருந்தவர்களைப் பார்த்துக் கத்தத்தான் வாய் எடுத்தேன். வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பிவிட்டீர்களே என்று. அக்கா முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை, பாவம், என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னேன். குறை மாசக் குழந்தை, உடம்புச் சூடு வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதைத்தான் அவன் செய்துகொண்டு வந்தான், நாம் சிரித்ததில் வெளியே எடுத்துவிட்டான், முதலில் சிரித்தது நான் என்று. சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன்.

ஒரு வளைவு இறங்கியதும் அவர்களைப் பார்த்துவிட்டேன். மேலே பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவள் பத்து அடிக்கு ஒரு தரம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்ததும் அவன் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினான், ஏதோ நான் பிடுங்க வந்தவன் மாதிரி.

வண்டி நிக்குது, வாங்க என்றேன். நடந்தே வந்துடறோம் சார், பழக்கம்தான் என்றான். ஆபரேஷன் பண்ணின பெண்ணை வைத்துக்கொண்டு பழக்கம் என்கிறான். நான் மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன், என்ன இருந்தாலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, என் மேல்தான் தப்பு என்று என்னென்னவோ நீட்டிக்கொண்டே போனேன். அவள்தான் நிறுத்தினாள்.

"வேண்டாங்கண்ணா. முப்பத்தஞ்சு நாளா வர்றவங்க போறவங்க எல்லாரும் என்னென்னமோ சொல்லி, கேட்டுக் கேட்டுக் காது வலிக்குது. நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி வண்டியிலயே போலாம்னுதான் சொன்னாங்க. இன்னொரு ராத்திரி அங்க இருந்தா இன்னொருத்தர் வந்து எடை கேப்பாங்கன்னுதான் பஸ் ஏறினேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"எங்க ஊர் வர்ற வரைக்கும் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசாம வருவாங்களா? அப்படின்னா ஏர்றேன்."

பிள்ளைகளே, சந்தை நாளில் மலை வண்டியில் ஐம்பது பேர் வாய்க்கு யாராவது ஜாமீன் கொடுப்பார்களா? என் ஒருத்தன் வாயையே அரை மணி நேரத்துக்கு முன்னால் என்னால் கட்ட முடியவில்லை. கொடுத்த வாக்கு உடைந்தால் அந்தப் பெண் இன்னொரு தரம் வண்டியை நிறுத்தச் சொல்ல மாட்டாள், உள்ளேயே உடைந்துபோவாள். கொடுக்காவிட்டால் இந்தச் சாரலில் பத்து வளைவு நடப்பாள். யோசிக்க நேரமில்லை. "வருவாங்க" என்றேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை இல்லை.

மெதுவாக வாங்க, நான் முன்னால போய் இடம் பண்றேன் என்று சொல்லிவிட்டு மேலே ஓடினேன். இந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு ஏற்றத்தில் நான் ஓடியது அன்றைக்கு ஒரு நாள்தான். வண்டிக்குள் ஏறி, மூச்சு வாங்க, அவள் கேட்டதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூடாது. குழந்தை அழுதாலும் கூடாது, சிரித்தாலும் கூடாது.

மளிகைக் கடை அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. "ஒரே ஒரு வார்த்தை, மன்னிச்சுக்கம்மான்னு கூட நான் சொல்லக் கூடாதா?" என்றார்.

"அதுவும் பேச்சுதானுங்கக்கா."

அக்கா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

அதற்குள் டிரைவர் ஒரு வேலை செய்திருந்தார். இன்ஜினுக்குப் பக்கத்துச் சீட்டை உங்களுக்குத் தெரியும், சூடு தாங்காமல் யாரும் உட்கார மாட்டார்கள். அதில் கிடந்த தன் சாப்பாட்டுப் பை, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு, தன் துண்டை விரித்து வைத்திருந்தார். அந்தக் குளிரில் அந்தச் சீட்டு கதகதவென்று இருந்தது. இருபத்தைந்து வருஷம் அந்த வண்டிகளில் போய் வந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

அவர்கள் ஏறினார்கள். அவன் குழந்தையோடு அந்தச் சீட்டில், அவள் பின்னாலேயே முதல் சீட்டில். அங்கே இருந்த ரெண்டு பேர் எப்போதோ எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

டபுள் விசில் அடிக்க விசிலை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தி, வண்டியின் தகரத்தில் கையால் ரெண்டு தட்டு தட்டினேன். டிரைவருக்குப் புரிந்தது. வண்டி நகர்ந்தது.

அந்த அரை மணி நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எல்லோரும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தருக்கு போன் அடித்தது. அணைக்கத் தெரியாமல் அதை எடுத்துச் சீட்டில் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டார். அது அவருக்கு அடியில் கொஞ்ச நேரம் பாடிவிட்டு அடங்கியது. பூனைக்குட்டி என்று சொன்ன அம்மாவுக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அதை அடக்கியதில் முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின் சீட்டுக்காரர் மடியிலிருந்த கோழிக்கூடையில் ஒரு கோழி கொக்கரிக்க ஆரம்பித்தது. அவர் தன் சட்டையைக் கழற்றிக் கூடை மேல் போர்த்தினார். பனியனோடு, அந்தக் குளிரில், கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு நிறுத்தத்தில் ஏறிய ரெண்டு பேர் சத்தமாக ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார்கள். வண்டி முழுக்க ஒரே நேரத்தில் உதட்டில் விரல் வைத்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

ஷட்டர் இறங்காத ஜன்னல்களில் சாக்குப் பையை விரித்து ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். அதை யாரும் சொல்லவில்லை. பேசக் கூடாது என்றால் கை தானாக வேலை செய்யும் போல.

கொஞ்ச தூரம் போனதும் குழந்தை அழுதது. அழுகை என்றா சொல்வது, கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். பசி அழுகையோ என்னவோ, மற்ற நாளாக இருந்தால் இருபது பேர் வைத்தியம் சொல்லியிருப்பார்கள். ஒரு தலை திரும்பவில்லை. அவள் குழந்தையை வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். சத்தம் நின்றது. அவள் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டதை டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். புருஷன் குனிந்து அவள் காலடியில் சரிந்த கூடையை நேராக வைத்தான். அவன் தோள் அப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தது.

அவர்கள் ஊர் வந்தது. தகரத்தில் ஒரு தட்டு. இறங்கினார்கள். குழந்தை மறுபடியும் சட்டைக்குள் போயிருந்தது, மேல் பட்டன் திறந்து தொப்பி வெளியே தெரிந்தது. அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

வண்டி அடுத்த திருப்பம் திரும்பியதும், அடேயப்பா, ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அணை திறந்த மாதிரி. அக்கா அழுதுகொண்டே பேசினார். நடுவில் ஏறிய ரெண்டு பேரும் யார் செத்தது, யார் செத்தது என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். அப்புறம்தான் யாரோ சொன்னார்கள், அது ஆம்பளைப் பிள்ளையா பொம்பளைப் பிள்ளையா என்று நாம யாருமே கேக்கலையே என்று. கேலி பண்ணும்போது கேட்க மறந்திருந்தோம். கேட்கலாம் என்று தோன்றும்போது வாயை மூடியிருந்தோம்.

இதைப் படித்துவிட்டு, சரி, குழந்தைக்காரர்கள் ஏறினால் வாயே திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் போட்டுக்கொண்டேன், அதுவும் தப்பாகப் போனது. கொஞ்ச நாள் கழித்துக் கம்பைநல்லூர் வண்டிக்கு மாற்றினார்கள். ஒரு நாள் ஒரு தகப்பன், பக்கத்தில் பொண்டாட்டி, அவள் கையில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. நான் குனிந்த தலை நிமிராமல் டிக்கெட் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். பக்கத்தில் பேசினவர்களையும் அடக்கினேன். இறங்கும்போது அந்த ஆள் என்னிடம் வந்து, "ஏனுங்க, தருமபுரியிலிருந்து சாக்லேட் டப்பாவ மடியில வெச்சுக்கிட்டு வர்றேன். என்ன கொழந்தைன்னு ஒரு மனுஷனாவது கேப்பீங்க, குடுக்கலாம்னு பார்த்தா ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டேங்கறீங்க. நல்ல ஊருங்க இது" என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்தி, நாலு சாக்லேட் தின்றுவிட்டுத்தான் இறக்கிவிட்டேன்.

ஆகையால் முதலில் முகத்தைப் பாருங்கள். அவர்களுக்குப் பேச வேண்டுமா, வேண்டாமா என்பது ஏறும்போதே முகத்தில் இருக்கும். வேண்டாம் என்றால் முன்னால் உட்கார வைத்து ஷட்டரை இறக்கிவிடுங்கள். வண்டி பேச ஆரம்பித்தால் அந்தப் பேச்சை உங்கள் மேல் திருப்பிக்கொள்ளுங்கள், நம்மைக் கேலி பண்ணினால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வேண்டும் என்றால் வாயாரக் கேளுங்கள். தப்பாகப் பேசிவிட்டால் அந்த நிமிஷமே ஒத்துக்கொண்டு நகருங்கள். அதை மூடுவதற்கு இன்னொரு வார்த்தை சேர்க்காதீர்கள், என்னை மாதிரி.

ரிட்டயர் ஆவதற்குச் சில மாதம் முன்னால் மறுபடியும் சித்தேரி வண்டி. ஒரு நாள் அரூரில் ஒரு பெண் ஏறினாள், கூடவே நாலு வயதுக் குழந்தை ஒன்று. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான், நல்லா இருக்கீங்களாண்ணா என்று கேட்டு, குழந்தையின் தலையில் கை வைத்து, "அன்னிக்குச் சட்டைக்குள்ள வந்தது இவதாங்க" என்றாள்.

 நெஞ்சு நிறைந்துவிட்டது. எதையாவது சொல்லி மறுபடியும் கெடுத்துவிடுவேனோ என்று ஒரு பயமும். தலையை மட்டும் ஆட்டினேன். ரெண்டு பேரையும் இன்ஜின் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்தேன்.

சின்னவள் எங்கே உட்கார்ந்தாள்? கம்பியைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டாள். ஆரம்பித்தாள். இது என்ன, அத ஏன் அழுத்தறாங்க, ஆடு ஏன் மேல போகுது, டிரைவர் மாமாவுக்கு ஏன் மீசை இல்ல, மழை எங்கிருந்து கெளம்புது. ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்தது. டிரைவரே ரெண்டு மூன்றுக்குப் பதில் சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முன் சீட்டுக்காரர்கள் எல்லாம் அவளிடம் பேச்சுக்கொடுத்தார்கள். நான் மட்டும் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது வளைவோ ஏழாவதோ. சட்டென்று என் பக்கம் திரும்பி, மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் தாத்தா, உனக்குப் பேச வராதா?"

வண்டி குலுங்கச் சிரித்தது. அவள் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 

"வரும் கண்ணு. நீ பேசு, நான் கேக்கறேன்" என்றேன்.

சித்தேரி வரும் வரைக்கும் அவள் நிறுத்தவே இல்லை.